சொட்டுகிற வண்டியைப் பின்னால் கூப்பிடு

போன வாரம் என் மகளின் காரைச் சர்வீசுக்கு விட வந்தபோது உங்கள் பட்டறையில் ஒரு காட்சி பார்த்தேன். ராம்ப்பில் இருந்து இறங்கிய வெள்ளைக் கார் ஒன்று வெளியே போனது. அது நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். பக்கத்தில் நின்ற ஒருவனிடம், பெயர் சொல்லமாட்டேன், இந்தக் கூட்டத்தில்தான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான், “இது என்னடே?” என்று கேட்டேன். “அது எனக்க வண்டி இல்ல சார்” என்றான். சொல்லிவிட்டு மறுபடியும் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

எனக்கு உள்ளங்காலில் இருந்து உச்சி வரை எரிந்தது. இந்த மூட்டுவலியோடு நானே கேட் வரை ஓடி, அந்தக் காரை மறித்து, அடியில் குனிந்து பார்த்தேன். நல்லவேளை, அடிப்பக்கம் காய்ந்துதான் இருந்தது. பழைய எண்ணெயை வடிக்கும்போது தரையில் சிந்தியதைத் துடைக்காமல் விட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் அது கசிவில்லை என்று அந்த நேரத்தில் உங்களில் யாருக்குத் தெரியும்? தெரியாமல்தானே அனுப்பினீர்கள்?

இப்போது என்னைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, அனுபவத்தைச் சொல்லுங்கள் என்கிறீர்கள். எந்தக் காருக்கு எத்தனை லிட்டர், எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைச் சொல்ல நான் வரவில்லை. ஒரே ஒரு காரைப் பற்றிச் சொல்கிறேன். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

நான் அப்போது தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே, மெயின்ரோட்டோரம் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். இரணியல் பக்கத்திலிருந்து லீலாபாய் என்று ஒரு அம்மாவின் வீட்டுக் கார் வரும். மகன் குவைத்தில். வண்டி அவன் பெயரில். நம் ஜில்லாவில் இந்த ரகக் கார்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஓட்டுவதற்காக வாங்கியவை அல்ல, ஏர்போர்ட்டுக்குப் போவதற்காக வாங்கியவை. லீவில் வருகிறவனைக் கூட்டிவர ஒரு தடவை வெளியே எடுப்பார்கள், கொண்டுவிட ஒரு தடவை எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடக்கும்.

கிடந்த வண்டியில்தான் ஆபத்து. ஆயில் ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதல்லவா, அது மாதக்கணக்கில் கிடந்து எஞ்சினோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஃபில்டரைக் கழற்றினால் ஃபில்டர் மட்டும் கையோடு வரும், வளையம் எஞ்சினிலேயே நின்றுவிடும். அது கறுப்பு, இருட்டு மூலை வேறு, கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் புது ஃபில்டரை அதன் புது வளையத்தோடு முறுக்கினால் இரண்டு வளையம் ஆகிவிடும். கைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். எஞ்சின் ஓடி, எண்ணெயின் அழுத்தம் ஏறியதும் ஒரு வளையம் பிதுங்கும். அதற்குப் பிறகு எண்ணெய் உள்ளே நிற்காது.

அந்த அம்மாவின் மகள் ஷைனி, நர்ஸ். அண்ணன் இருக்கிற ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. எத்தனையோ பரீட்சை, எத்தனையோ நேர்முகம் என்று அலைந்து வாங்கிய வேலை. ஏதோ தாளில் கையெழுத்து வராமல் இழுத்து இழுத்து, விசாவின் கெடு முடிகிற நேரத்தில்தான் டிக்கெட் கிடைத்தது. அந்தக் கார் எங்களிடம் வந்த அன்றைக்கு மாலைதான் திருவனந்தபுரத்திலிருந்து விமானம். அதை விட்டால் விசா போயிற்று, வேலையும் போயிற்று.

அண்ணன்காரன் காலையில் போனில் கூப்பிட்டு, “ஏர்போர்ட்டுக்குப் போறதுக்கு முன்ன ஆயில மாத்திட்டுப் போங்க” என்றிருக்கிறான். பெட்டி, பலாச்சக்கை வற்றல், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் டிக்கியில் அடுக்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்துவிட்டார்கள். ஓட்டியவன் ஷைனியின் சித்தி மகன் ஜெபின்.

நான் வேறொரு வண்டியை ஓட்டிப் பார்க்க வெளியே போயிருந்தேன். நான் இருந்திருந்தால் அந்த வண்டியைத் தொடவே விட்டிருக்கமாட்டேன். “அம்மா, இன்றைக்குப் பழைய எண்ணெயோடு போய்விட்டு வாருங்கள், நாளைக்கு மாற்றலாம்” என்றிருப்பேன். விமானத்துக்குப் போகிற வண்டியில் அந்த நேரத்தில் புதிதாக எதையும் கழற்றக் கூடாது. பழைய எண்ணெய் ஒரு நாள் கூடுதலாக ஓடினால் குடி முழுகிப் போகாது. ஆனால் கவுண்டரில் இருந்தது எங்கள் மானேஜர். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. “அரை மணி நேரம் போதும், முடிச்சுத் தந்திடலாம்” என்று வாங்கிப் போட்டுவிட்டார்.

வேலையைச் செய்தவன் சுயம்பு. கையால் தொட்ட வேலையில் குறை வைக்காதவன். எண்ணெய் ஊற்றிய பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பான். நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பார்ப்பான். யாருக்காகவும் அதை விட்டதில்லை. அன்றைக்கு மானேஜர் தலைமாட்டில் நின்றுகொண்டு, “இறக்கு இறக்கு, அவங்களுக்கு நேரமாச்சு” என்று அரித்திருக்கிறார். ஃபில்டரோடு வளையம் வந்ததா என்று பார்க்கவும் விடவில்லை, கீழே குனியவும் விடவில்லை. வண்டி இறங்கிவிட்டது.

புறப்படுகிறதற்கு முன்பு நடந்ததைச் சுயம்பு பிறகு சொல்லித்தான் கேட்டேன். லீலாபாய் அம்மா மகளின் பாஸ்போர்ட்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்து, அதை டேஷ்போர்டின் மேல் வைத்தார்கள். மூன்று பேரும் காருக்குள்ளேயே கண்மூடி ஜெபம் பண்ணினார்கள். ஜெபம் முடிந்ததும் எங்கள் மானேஜர் ஜன்னலில் குனிந்து ஜெபினிடம் ஒரு உபதேசம் செய்தார். “தம்பி, வழியில ஏதாவது சிவப்பு லைட் எரிஞ்சா பயப்படாதீங்க. சர்வீஸ் லைட்தான், அணைக்க நேரமில்ல. திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்.”

இதைக் கேட்டீர்களா? இத்தனை வருடத் தொழிலில் இதைவிட அக்கிரமமான பேச்சை நான் கேட்டதில்லை. எஞ்சினுக்குள் எண்ணெய் தீர்ந்துவிட்டது, ஓட்டாதே, நிறுத்து என்று கெஞ்சுவதற்கு அந்த வண்டிக்கு இருப்பது ஒரே ஒரு சிவப்பு விளக்கு. இந்த மனிதர் அதன் வாயையும் அடைத்து அனுப்பிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது கார் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. சுயம்பு கேட்டருகே அசையாமல் நின்றான். அவன் காலடியில் தொடங்கி ரோடு வரைக்கும் பொட்டுப் பொட்டாக எண்ணெய். புது எண்ணெய், தேன் நிறத்தில்.

“லேய் சுயம்பு, இது எந்த வண்டி?”

“இப்பம் போவுதே, அந்த இரணியல் வண்டி அண்ணாச்சி.”

“பாத்துக்கிட்டா நிக்கே? கூப்பிடலியா?”

“எப்படி அண்ணாச்சி கூப்பிடது? கடல் தாண்டிப் போற பிள்ளை. ஜெபம் பண்ணிட்டு ஏறியிருக்காவ. எறங்குன வண்டியப் பின்னால கூப்பிட்டா ஆகுமா?”

நம்மூரில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். புறப்பட்டவனை எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டோம், பின்னாலிருந்து கூப்பிடமாட்டோம். குடையை மறந்துவிட்டுப் போனால்கூட ஓடிப்போய் முன்னால் நின்றுதான் கொடுப்போம். நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் எண்ணெய் ஒழுகுகிறது, அதைக் கண்ணால் பார்க்கிறான், அந்தப் பிள்ளைக்குக் கெட்டது வந்துவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். என்ன நியாயம் இது? கெட்ட எண்ணத்தோடு ஒருவன் வாயை மூடியிருந்தால் ஒரு அறை கொடுத்திருப்பேன். நல்ல எண்ணத்தோடு மூடினவனை என்ன செய்ய?

“சவத்து மூதி, சகுனம் பாக்க நேரமாடே இது?” என்று கத்தினேன். அதற்குள் கார் கண்ணுக்கு மறைந்துவிட்டது. ஜாப் கார்டில் இருந்த நம்பரைப் போட்டேன். குவைத்தில் மணி அடித்தது. வண்டி மகன் பெயரில், நம்பரும் மகனுடையது. “வண்டி எடுத்தாச்சா அண்ணே, கொள்ளாமா, நல்லா ஓடுதா?” என்று சந்தோஷமாகக் கேட்கிறான் அவன். விஷயத்தைச் சொன்னேன். அவன் கொடுத்த அம்மாவின் நம்பரில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகுதான் தெரிந்தது, காரில் இருந்த மூன்று பேருக்கும் சேர்த்து அந்த ஒரு போன்தான், அது பையோடு டிக்கியில் கிடந்திருக்கிறது.

மானேஜரிடம் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். “ஃபோர்மேன், போன வண்டி போகட்டும். கொஞ்சம் சிந்தியிருக்கும். அப்படியே ஏதாவது ஆனாலும் வழியில கல்லு அடிச்சிருக்கும்னு சொல்லிக்கலாம். அந்த ரோட்டுல கல்லுக்கா பஞ்சம்?”

பாருங்கள், வண்டி இன்னும் நிற்கவில்லை, எஞ்சின் இன்னும் இறுகிப் பிடிக்கவில்லை, அதற்குள் பொய் தயாராகிவிட்டது. பழி அந்த ஜெபின் தலையில். தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்தவன் என்று சொந்தக்காரர் எல்லாரும் அவனைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். “ஒமக்குப் பிள்ள குட்டி உண்டும்லா சார்?” என்று மட்டும் கேட்டேன். பதிலுக்கு நிற்கவில்லை. சுயம்புவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு என் பைக்கை எடுத்தேன்.

ரோட்டில் பொட்டு தெரிந்துகொண்டே வந்தது. வண்டி வேகம் எடுத்த இடத்தில் பொட்டு நீண்டு கோடாக இருந்தது. சுயம்பு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “கூடிட்டே போவுது அண்ணாச்சி, கூடிட்டே போவுது” என்று புலம்பிக்கொண்டே வந்தான். மார்த்தாண்டம் தாண்டியதும் கோடு மறுபடி பொட்டானது. கேரளத்துக்குக் கல்லும் ஜல்லியும் ஏற்றிப் போகிற லாரிகள் குழித்துறைப் பாலத்துக்கு முன்னால் வரிசை கட்டி நின்றன. நாள்தோறும் நாம் வாய் நாறத் திட்டுகிற அந்த லாரிகள்தான் அன்றைக்குக் காரை நிறுத்தி வைத்திருந்தன. வேகமாக ஓடியிருந்தால் எண்ணெய் முழுவதும் எப்போதோ போயிருக்கும்.

காரைப் பார்த்ததும் சுயம்பு என் காதில், “முன்னால போயி நில்லுங்க அண்ணாச்சி, பின்னால கூப்பிடாதீங்க” என்கிறான். அந்த நேரத்திலும். பல்லைக் கடித்துக்கொண்டு லாரிக்கும் காருக்கும் நடுவே பைக்கை நுழைத்தேன்.

“எஞ்சின ஆஃப் பண்ணு மக்கா” என்றேன்.

ஜெபின் பண்ணினான். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. “சர்வீஸ் லைட்டுன்னு அந்த சார் சொன்னாவளே” என்றான், திகைத்துப் போய். அவனை என்ன சொல்ல முடியும்?

பானெட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை இழுத்தேன். நுனியில் பேருக்கு எண்ணெய் ஈரம். எஞ்சின் செத்திருக்கவில்லை, அவ்வளவுதான். சுயம்பு துணியைச் சுற்றிக்கொண்டு அந்தக் கொதிக்கிற ஃபில்டரைப் பிடித்தான். “ஆறட்டும்டே” என்று நான் சொல்லும் முன்பே திருகிவிட்டான். சுடுஎண்ணெய் கையில் வழிந்து தோல் சிவந்தது. உள்ளே விரலை விட்டு ஒரு வளையத்தை உரித்து எடுத்தான், ஃபில்டரில் இருந்ததையும் காட்டினான். இரண்டு வளையம். ஒன்று பாதி பிய்ந்து தொங்கியது.

லீலாபாய் அம்மா இறங்கி வந்தார்கள். என்ன நடந்தது என்று மறைக்காமல் சொன்னேன். அவர்கள் அழவில்லை, கத்தவில்லை. “பொறப்படுகப்பவே தெரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டார்கள்.

“தெரிஞ்சுது அம்மா” என்றான் சுயம்பு.

“பின்ன எதுக்கு விட்டியோ? ஒரு சத்தம் குடுத்திருந்தா நின்னிருப்போமே.”

“போற பிள்ளையப் பின்னால கூப்பிட்டா ஒங்களுக்கு வெசனமா இருக்கும்னு…”

“நாங்க அதெல்லாம் பாக்கிறது கிடையாதே தம்பி.”

சுயம்புவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்களுக்கு இல்லாத நம்பிக்கையை அவர்களுக்காக இவன் காத்துக்கொண்டு நின்றிருக்கிறான். வெந்த கையைவிட அதுதான் அவனைச் சுட்டிருக்கும்.

இனி முடிவு எடுக்க வேண்டும். மார்த்தாண்டத்துக்குத் திரும்பிப் போய் எண்ணெயும் ஃபில்டரும் வாங்கி வந்து மாட்டிவிடலாம், எங்களால் முடியும். ஜெபின் அதைத்தான் கேட்டான். “மாட்டித் தாருங்க அண்ணே, பறந்திருவேன்.” சுயம்புவும் தவறைத் தன் கையாலேயே சரிசெய்துவிட வேண்டும் என்று துடித்தான். நான் மாட்டேன் என்றேன். எண்ணெய் வற்றி ஓடிய எஞ்சின் உள்ளே என்ன பட்டிருக்கிறது என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. பாறசாலையில் நின்றால் என்ன செய்வது? நெய்யாற்றின்கரையில் நின்றால்? நம் கைவேலை மேல் நமக்கு இருக்கிற ரோஷத்தைத் தீர்க்க அந்தப் பிள்ளையின் விசாவைப் பணயம் வைக்கக் கூடாது. காரை விடு, ஆளை அனுப்பு. அதுதான் அன்றைக்கு எடுத்த முடிவு. இன்றைக்கும் அதையே எடுப்பேன்.

வரிசையில் பின்னால் ஒரு காலி டாக்சி நின்றது, திருவனந்தபுரம் போகிறது. கையைக் காலைப் பிடித்து அதைக் கேட்டோம். பெட்டிகளை அள்ளி அதன் டிக்கியில் போட்டோம். தாயும் மகளும் ஏறினார்கள். அதற்குள் லாரிகள் நகரத் தொடங்கிவிட்டன, பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் ஹாரனை அமுக்கிக் காதைக் கிழித்தார்கள். டாக்சி பாலத்தில் ஏறியது. நானும் ஜெபினும் காரை ஓரத்துக்குத் தள்ளக் குனிந்தோம். ஸ்டீரிங்கைப் பிடிக்கக் கதவைத் திறந்த சுயம்பு அப்படியே நின்றான்.

டேஷ்போர்டின் மேல் வேதப்புத்தகம். அதற்குள் பாஸ்போர்ட்.

டாக்சி பாலத்தின் நடுவை எட்டிவிட்டது. முன்னால் போய் நிற்க வழியில்லை, பைக்கை எடுக்க நேரமில்லை. சுயம்பு அந்தப் புத்தகத்தை வெந்த கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். ஓடிக்கொண்டே கூப்பிட்டான்.

“ஏ பிள்ளே, நில்லு. நில்லு மக்களே. பின்னால பாரு, பின்னால பாரு.”

அந்த மனிதனுக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு ஜல்லி லாரிக்காரர் என்னவென்று தெரியாமலே தானும் சேர்ந்து ஹாரன் அடித்தார். டாக்சியின் பிரேக் விளக்கு எரிந்தது. ஷைனி ஜன்னலில் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

விமானத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கடைசி ஆளாக உள்ளே விட்டார்களாம். காரின் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கல் அடித்ததென்று எழுதச் சொன்ன மானேஜரிடம், இரண்டு வளையத்தையும் அவர் மேசைமேல் வைத்து, “இத யாருக்க கல்லுன்னு எழுதட்டும்?” என்று கேட்டேன். வேலையைக் கம்பெனியே செய்து கொடுத்தது. அதற்குப் பிறகும் அந்த மனிதர் அடங்கவில்லை. சுயம்புவுக்கு மெமோ கொடுக்கப் பார்த்தார். எதற்கென்று நினைக்கிறீர்கள்? வளையத்தை விட்டதற்கு இல்லை. கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு நடுரோட்டில் கூச்சல் போட்டதற்கு. அதை எழுதின தாளை நான் கிழித்த கிழியில் அவர் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆகவே இனிமேல் “அது எனக்க வண்டி இல்ல” என்று ஒருவனும் என்னிடம் சொல்லாதே. அந்த இரணியல் வண்டி எனக்க வண்டியும் இல்லைதான். பழைய வளையம் கையில் வராமல் புது ஃபில்டரைத் தொடாதே. எவன் தலைமாட்டில் நின்று அரித்தாலும் எஞ்சினை ஓடவிட்டுக் குனிந்து பார். சிவப்பு விளக்கு எரிந்தால் பரவாயில்லை என்று எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லாதே. அப்படியும் சொட்டுகிற வண்டி கேட்டைத் தாண்டினால், கல்யாண வண்டியாக இருக்கட்டும், கடல் தாண்டப் போகிறவனின் வண்டியாக இருக்கட்டும், தொண்டை கிழியப் பின்னால் கூப்பிடு. அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்.

ஷைனி முதல் லீவுக்கு வந்து திரும்பிப் போகும்போது, புறப்படுகிற நாளில் இல்லாமல், நாலு நாள் முன்னதாகவே காரைக் கொண்டுவந்து சர்வீஸ் முடித்துப் போனார்கள். போகிற அன்றைக்கு வழியில் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் காரை நிறுத்தச் சொன்னாள். கண்ணாடியை இறக்கிச் சுயம்புவைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, நாங்க ஏர்போர்ட்டுக்கு எறங்குகோம். பின்னால கூப்பிடதுக்கு ஒண்ணும் இல்லியே?”

சுயம்பு சிரிக்கவில்லை. சட்டை மண்ணாவதைப் பார்க்காமல் ரோட்டோரத்திலேயே மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் முழுக்கப் பார்த்துவிட்டு எழுந்தான்.

“ஒண்ணும் இல்ல மக்களே” என்றான். “இப்பம் போயிட்டு வா.”